பச்சைத் துணியும் பதினொரு செக்கனும்

பாடசாலைக் கலைவிழாவில் எங்கள் ஊடகக் கழகப் பிள்ளைகள் காட்டிய வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சேர், அந்த மூத்தம்மாக்குப் பின்னால ஊடு எப்படி வந்த? ஏஐயா?"

இல்லை, ஏஐ இல்லை. கையால் செய்தது. திரையில் பதினொரு செக்கன்தான் வந்து போனது, செய்து முடிக்க நான்கு கிழமை எடுத்தது. எப்படி என்று கேட்டவர்களுக்காகவும், தங்கள் பாடசாலையில் இதைத் தொடங்கிப் பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நாங்கள் என்றால் இரண்டு ஆசிரியர்கள், ஏழு பிள்ளைகள். எங்களில் ஒருவர் ஐசிடி, மற்றவர் சித்திரம். இரண்டு பேருக்கும் சினிமாவோடு இருந்த உறவு பார்ப்பது மட்டும்தான். பிள்ளைகளில் நான்கு பேர் உயர்தரம், மூன்று பேர் தரம் பத்து. பாடசாலை விட்டு, லுஹர் தொழுது, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கணினி அறையில் கூடுவோம். அறையில் இருப்பவை பழைய கணினிகள். அவற்றுள் நல்லதில் எட்டு ஜீபி ராம் இருக்கிறது.

நாங்கள் பழகியதன் பெயர் கொம்பொசிட்டிங். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே கமெரா ஒரே நேரத்தில் எடுத்தது போல் ஆக்குவது. கார்ட்டூன் செய்வதோ முப்பரிமாண டைனோசர் செய்வதோ அல்ல. ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்து ஆசிரியர்களுக்கு இலகுவில் விளங்கும். ஒரு கண்ணாடித் தாளில் இலங்கைப் படம், அதன்மேல் வைக்கும் தாளில் ஆறுகள், அதற்கும் மேல் நகரங்கள். மேலே உள்ள தாளில் எங்கே மை இருக்கிறதோ அங்கே கீழ்த்தாள் மறையும், மை இல்லாத இடத்தில் தெரியும். விஷயம் முழுவதும் இதுதான்.

இது கணினியோடு வந்த வித்தையும் அல்ல. 1898 இல் பிரான்ஸில் ஜோர்ஜ் மெலியே என்ற மந்திரவாதி ஒரு சிறிய படம் எடுத்தார். தன் தலையைக் கழற்றி மேசையில் வைப்பார், இன்னொரு தலை முளைக்கும், அதையும் கழற்றி வைப்பார். கறுப்புப் பின்னணியின் முன் நடித்து, அதே பிலிமைத் திரும்பச் சுற்றி, ஒளி படாமல் இருந்த இடத்தில் மறுபடியும் படம் பிடித்தார். பிலிமில் கறுப்பு என்றால் இன்னும் எழுதப்படாத இடம். 1940 இல் வந்த 'பக்தாத் திருடன்' படத்தில் நீலத் திரை வந்தது. அதைச் செய்த லொரன்ஸ் பட்லருக்கு ஒஸ்கார் கிடைத்தது. போத்தலில் இருந்து ஜின் வரும் அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காட்டினோம். சிரித்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார், "கம்பியூட்டர் இல்லாம எப்படி சேர் வெட்டின?" அந்தக் கேள்விதான் பாடத்தைத் தொடக்கி வைத்தது.

வெட்டுவதுதான் இங்கே முழு வேலையும். கணினியில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தால் என்ன என்று 1970களின் கடைசியில் எட் கட்மல், அல்வி ரே ஸ்மித் என்ற இருவர் யோசித்தார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் நான்காவது எண். அதற்கு அல்பா என்று பெயர். ஒன்று என்றால் முழுதாக மறைக்கும். பூச்சியம் என்றால் கண்ணாடி. 1984 இல் தொம் போர்ட்டர், தொம் டஃப் என்ற இருவர் இந்த எண்ணை வைத்துப் படங்களைச் சேர்க்கும் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து 1996 இல் ஒஸ்கார் அகடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அந்தக் கணக்கு எங்கள் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. முடி ஓரத்தில் ஒரு புள்ளி, முன்படத்தில் 200, பின்படத்தில் 40, அல்பா காற்பங்கு. 200 இன் காற்பங்கு 50. 40 இன் முக்காற்பங்கு 30. கூட்டினால் 80. கரும்பலகையில் இதைச் செய்துவிட்டு, அதே புள்ளியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினோம். எண்பதுதான் நின்றது. "இந்தப் பின்னம் எல்லாம் வாழ்க்கையில் எங்கே உதவும்" என்று கேட்கிற பிள்ளைக்கு வருடக்கணக்காகத் தேடிய பதில் அன்று கிடைத்தது.

மென்பொருள் பற்றிப் பலர் கேட்டீர்கள். மாதா மாதம் டொலரில் கட்டும் மென்பொருள் ஆசிரியர் சம்பளத்துக்குச் சரிவராது. கிரக் பண்ணியதைப் போட்டுத் தரக் கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் செய்வதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தோம். வைரஸ் பயம் வேறு. பிளெண்டர் இலவசம், நேட்ரன் இலவசம், டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்புக்குள் பியூஷன் இருக்கிறது, நியூக் கூடப் பழகுபவர்களுக்கு ஒரு இலவசப் பதிப்புத் தருகிறது. எங்கள் கணினிகளுக்குப் பிளெண்டர்தான் தோதானது. அதைச் செய்யும் அமைப்பு 2012 இல் 'டியர்ஸ் ஒஃப் ஸ்டீல்' என்று ஒரு குறும்படம் எடுத்தது. அதன் மூலக் காட்சிகளையே எவரும் இறக்கிப் பழகலாம். பச்சைத் திரைக்கு முன் நல்ல கமெராவில் எடுத்த காட்சி கையில் இருந்தால், பிழை எங்கள் கமெராவிலா, வெட்டும் முறையிலா என்று பிரித்துப் பார்க்க முடியும். தொடங்குபவர்கள் இதை முதலில் செய்யுங்கள். யூடியூபில் ஐம்பது பாடம் பார்ப்பதை விட இது பிரயோசனம்.

நோட் என்ற பெட்டிகளை நூலால் இணைத்து வேலை செய்வது பார்க்கப் பயமாக இருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்குவது சுகம். சேனாநாயக்க சமுத்திரத்தில் இருந்து தண்ணீர் வருகிறது. பெரிய வாய்க்கால், மதகு, கிளை வாய்க்கால், பிறகு வயல். மேலே ஒரு மதகைத் திருப்பினால் கீழே உள்ள எல்லா வயலிலும் மாற்றம் தெரியும். கீழே ஒருவன் வரம்பை வெட்டினால் மேலே ஒன்றும் நடக்காது. நோட் அதேதான். போடியார் வீட்டுப் பிள்ளை ஒருவர் அன்றைக்கே எல்லாரையும் விட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

இனிப் பச்சைத் துணி. புடவைக்கடையில் பாவாடைக்கு எடுக்கும் பருத்தித் துணி ஆறு யார் வாங்கித் தைத்தோம். பளபளக்கும் துணி வேண்டாம், வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாகிவிடும். அயன் பண்ணித்தான் கட்ட வேண்டும், ஒரு சுருக்கு ஒரு நிழல். பச்சை ஏன் என்றால், கமெராவின் சென்சரில் ஒரு சிவப்புக்கும் ஒரு நீலத்துக்கும் இரண்டு பச்சைப் புள்ளிகள் இருக்கின்றன. பச்சையை அது நன்றாகப் பார்க்கும். மனிதத் தோலிலும் பச்சை குறைவு. எங்கள் பாடசாலை டை பச்சை என்பதால் டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். கழற்றாமல் நின்ற ஒருவரின் நெஞ்சுக்கு நடுவே ஒல்லியாகக் கடல் தெரிந்ததை அவர்களின் வட்ஸ்அப் குழுவில் இன்னும் ஸ்டிக்கராக வைத்திருக்கிறார்கள்.

உலகம் முழுக்க இந்த வேலை செய்பவர்களுக்குத் தலைவலி தலைமுடிதான். காற்றில் பறக்கும் ஒரு முடிக்காக நாட்கணக்கில் மாரடிப்பார்களாம். எங்கள் பெண்பிள்ளைகளிடம் அந்தப் பிரச்சினை இல்லை, பர்தா இருக்கிறது. ஆனால் பர்தா வெள்ளை. வெள்ளைத் துணி பச்சைத் துணிக்கு முன்னால் போனால் ஓரமெல்லாம் இளம்பச்சை ஏறிவிடும், கீரை பிழிந்த தண்ணீரில் நனைத்தது போல. இதற்கு மருந்து இரண்டு. பிள்ளையைத் துணியில் இருந்து இரண்டு மீற்றராவது முன்னால் நிறுத்துவது முதலாவது. மீதியைக் கணக்கால் எடுப்பது இரண்டாவது: பச்சை, சிவப்பினதும் நீலத்தினதும் சராசரியை விடக் கூடினால் அந்தச் சராசரிக்கு இறக்கு. பர்தா ஓரத்தில் சிவப்பு 210, பச்சை 240, நீலம் 206. சராசரி 208. பச்சையை 208 ஆக்கியதும் பர்தா மறுபடி வெள்ளை. மென்பொருளில் ஒரு பொத்தானை இழுத்தால் நடப்பதும் இதுதான். நாங்கள் பொத்தானை இழுக்க முன் கொப்பியில் செய்தோம்.

போனில் எடுப்பவர்களுக்கு இரண்டு சங்கதி. ஒன்று, எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் செக்கனுக்கு நூறு தரம் மினுங்குகிறது. கமெராவைத் தன்பாட்டில் விட்டால் காட்சியில் பட்டை பட்டையாக ஓடும். புரோ மோடுக்குப் போய் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 50 இல் ஒன்று என்று பூட்டுங்கள். இரண்டு, போன் வீடியோ வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒரு தடவைதான் எழுதும். கண்ணுக்கு அது தெரியாது. நிறத்தை வைத்து வெட்டும்போது ஓரம் அரிவாள் பல்லு மாதிரி வருவது அதனால்தான். பிள்ளையின் கை நடுங்கியதால் அல்ல. கூடிய தரத்தில் எடுத்துவிட்டுப் பாதியாகச் சுருக்கினால் பல்லு பெருமளவு மறைந்துவிடும்.

இந்தத் துணியை வைத்துத்தான் அந்த மூத்தம்மாவையும் எடுக்க இருந்தோம்.

அவரை ஊரில் பலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம். சுனாமிக்கு முந்திக் கடலடியில் இருந்தவர். 2004 டிசம்பர் 26 இல் வீடும் போனது, வீட்டுக்குள் இருந்தவர்களும் போனார்கள். இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அன்று ஒரு விதி வந்தது. அவருக்கு ஊருக்குள்ளே வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. எங்கள் உயர்தரப் பிள்ளைகளில் ஒருவரும் அன்று பிறந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கடலடி என்றால் சவுக்கு மரமும் பின்னேரம் பந்தடிக்கும் இடமும்தான். அங்கே ஒழுங்கைகள் இருந்தன, வளவுகளும் கிணறுகளும் இருந்தன என்றால் கதை கேட்பது போல் கேட்கிறார்கள். ஆகவே பழைய கடலடியைப் பற்றிப் பெரியவர்களைக் கதைக்க வைத்து, அவர்களுக்குப் பின்னால் அந்த இடத்தையே வைப்பது என்று திட்டம்.

மூத்தம்மாவின் வீட்டுக்கு ஒரே ஒரு போட்டோ மிச்சம். 1999 இல் மூத்த மகளின் கலியாணத்துக்கு வீட்டு வாசலில் வைத்து எடுத்தது. வேறு ஊரில் இருந்த தங்கச்சியின் அல்பத்தில் இருந்ததால் தப்பியது. ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம். 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினால் 3600 க்கு 2400 புள்ளி வரும், வீடியோவுக்கு அது தாராளம்.

வேலையில் பாதி கமெராவைத் திறக்க முன்னே முடிந்துவிடுகிறது என்பதை இந்தப் போட்டோதான் காட்டித் தந்தது. சித்திர ஆசிரியர் போட்டோவைப் பெரிதாக அச்சிட்டு, கூரை விளிம்பிலும் திண்ணை விளிம்பிலும் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தார். இரண்டு கோடும் சந்திக்கும் உயரம்தான் போட்டோ பிடித்தவரின் கண் உயரம். நின்றுகொண்டு பிடித்திருக்கிறார். ஆகவே எங்கள் போனும் அந்த உயரத்தில் நிற்க வேண்டும். தரம் பத்துத் தூரநோக்குப் பாடம் இப்படிப் பயன்படும் என்று அவரே நினைத்திருக்கவில்லை. நிழல்கள் வலப்பக்கம் விழுகின்றன, இடப்பக்கம் கடல், காலை வெயில். ஆகவே சனிக்கிழமை காலை, கதிரையை அதே பக்கம் திருப்பிப் போட வேண்டும். காலைக் காட்டக் கூடாது என்றும் முடிவெடுத்தோம். தொடங்குபவர்களுக்கு நாங்கள் தரக்கூடிய ஆக நல்ல புத்திமதி இது: பாதம் நிலத்தைத் தொடும் இடத்தைக் காட்டாதீர்கள். பாதத்துக்கு நிழல் வேண்டும், அந்த நிழலைப் பொய்யாகச் செய்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும்.

சனிக்கிழமை துணியைக் கொண்டுபோய் அவர் வளவில் கொடியில் கட்டினோம். மூத்தம்மா வெளியே வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சந்தூக்குக்குப் போடுற துணி மாதிரி இரிக்கி. அதுக்கு முன்னால நான் இரிக்க மாட்டன் மகன்" என்றார்.

கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தோம். அவர் தன் சுவருக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கதைத்தார். இருபது நிமிடம். அதில் நாங்கள் எடுத்தது பதினொரு செக்கன்: "கடப்பத் திறந்தா கடல் தெரியும். மழ நாளையில சத்தம் ஊட்டுக்குள்ள கேக்கும். பயமில்ல, பழக்கம்" என்று சொல்லும் இடம்.

துணி இல்லாவிட்டால் கையால் வெட்ட வேண்டும். ரொட்டோஸ்கோப் என்று பெயர், 1917 இல் மக்ஸ் பிளைஷர் என்பவர் பேட்டன்ட் எடுத்த கருவியின் பெயர். அவர் படம் பிடித்த மனிதனின் மேல் தாளை வைத்துப் பிரேம் பிரேமாக வரைந்தார். எங்களுக்குப் பதினொரு செக்கன், செக்கனுக்கு 25, மொத்தம் 275 பிரேம். ஆனால் 275 ஐயும் வரையத் தேவையில்லை. ஆள் முழுவதையும் ஒரே கோட்டால் சுற்றுவதும் கூடாது. தலை ஒன்று, தோள் ஒன்று, மேற்கை, முன்கை, உள்ளங்கை, முந்தானை என்று ஒன்பது துண்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் அசைவு தொடங்கும் பிரேம், முடியும் பிரேம், நடு, நடுவுக்கு நடு. இடைப்பட்டதைக் கணினி நிரப்பும், எங்கே விலகுகிறதோ அங்கே மட்டும் திருத்த வேண்டும். தலை ஒரே நாளில் முடிந்தது. கையும் சுகம், எலும்பு இருக்கிறது, வளையும் இடம் தெரியும். முந்தானைதான் உயிரை வாங்கியது. மெல்லிய வொயில் சாரி, கடற்காற்று, ஒவ்வொரு பிரேமிலும் அது வேறொரு பொருள். மூன்று பெண்பிள்ளைகள் அந்த முந்தானையோடு மட்டும் எட்டு நாள் இருந்தார்கள். துணி மெல்லியது என்பதால் ஓரத்தில் அல்பாவை அரைவாசியாக விட்டு, பின்னால் வீட்டுச் சுவர் மங்கலாகத் தெரிய விட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "துணிக்குள்ளால தெரியணும்தானே டீச்சர்" என்றார் ஒருவர்.

ஆளை முடித்துப் போட்டோவுக்கு வந்தபோதுதான் சிக்கல்.

வெறும் வீடு வேண்டும் என்றால் போட்டோவில் நிற்பவர்களை எடுக்க வேண்டும். மாப்பிள்ளை, பொண்ணு, சொந்தக்காரர் என்று ஒன்பது பேர். தெரியும் சுவரில் இருந்து நிறத்தைப் பிரதி எடுத்து, ஆட்கள் நிற்கும் இடத்தில் பூசுவது. மகளிடம் அனுமதி கேட்டபோது, "என்ட கலியாணத்துலயே என்ன அழிச்சிப் போட்டீங்களா" என்று சிரித்தார். எட்டுப் பேரை அழித்தாயிற்று. ஒன்பதாவது ஆள் வாசற்படியில், கூட்டத்தில் இருந்து விலகி, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னப் பொடியன். பூசிக்கொண்டிருந்த பிள்ளை மௌஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "சேர், இவர் யாரு?"

மூத்தம்மாவின் இளைய மகன். சுனாமியன்று பத்து வயது.

"இவரயும் அழிக்கவா?"

அறையில் எவரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். ஒரு பொடியன் சொன்னார், போனில் ஒரு அப் இருக்கிறது, போட்டோவைக் கொடுத்தால் கண்ணைச் சிமிட்டும், சிரிக்கும், தலையைத் திருப்பும், மூத்தம்மாவுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தரம் பத்துப் பிள்ளை ஒருவர் மறுத்தார்: "அது அவரு சிரிக்கிற இல்லயே. வேற யாரோ சிரிக்கிறத அவர்ர முகத்துல ஒட்டுற." அதற்குமேல் அந்த அப்பைப் பற்றி எவரும் கதைக்கவில்லை.

தொழில்முறையாகப் பார்த்தால் அழிப்பதுதான் சரி. முன்னால் உயிரோடு அசையும் ஒருவர், பின்னால் அசையாமல் நிற்கும் ஒருவர் என்றால் கண்ணுக்கு உடனே தட்டுப்படும், இது ஒட்டியது என்று. சுவர் அசையாது, அதனால் சுவர் தப்பும். மனிதன் தப்ப மாட்டான். நாங்கள் இருவரும் அதை எடைபோட்டுவிட்டு, முடிவு எங்களுடையது அல்ல என்று மூத்தம்மாவிடமே போனோம். மடிக்கணினியில் இரண்டு படத்தையும் காட்டினோம், அவர் நிற்பது ஒன்று, வெறும் வாசல் ஒன்று. வெறும் வாசலை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை.

"நிக்கட்டும். அவன் எப்பவும் வாசல்லதான் நிப்பான்."

பிறகு அவரும் ஒன்று கேட்டார். வாசலுக்கு வலப்பக்கம் ஒரு முருங்கை நின்றதாம், போட்டோவுக்குள் அது விழவில்லை, அதையும் வைக்க முடியுமா என்று. முருங்கை மரம் ஊர் முழுக்க இருக்கிறது, ஒன்றைப் பிடித்து வெட்டி ஒட்டுவது ஒரு நாள் வேலை. அன்று பின்னேரம் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். கேட்பவர் வீட்டுக்காரர், அவர் கண்ணால் கண்ட மரம், வைத்தால் என்ன என்று ஒரு பக்கம். நாளைக்கு ஒருவர் இந்த வீடியோவைப் பார்த்து அங்கே மரம் நின்றது என்று சொன்னால், அந்த மரம் பள்ளிவாசலுக்குப் பின்னால் இப்போது நிற்கும் மரம் என்று யார் சொல்வது என்று மறுபக்கம். இரண்டாவது பக்கம் வென்றது. மரத்தைப் படத்தில் வைக்கவில்லை. மூத்தம்மா முருங்கையைப் பற்றிச் சொல்வதை இன்னொருமுறை போய்ப் பதிந்து, வீடியோவில் குரலாகச் சேர்த்தோம். போட்டோவில் இருந்து எட்டுப் பேர் எடுக்கப்பட்டதையும் கடைசியில் எழுத்தில் போட்டோம். சரியா என்று சிலர் கேட்கலாம், ஆட்களை எடுத்தது மட்டும் சரி, மரம் வைப்பது பிழையா என்று. நாங்கள் பார்த்த வித்தியாசம் இதுதான்: சுவர் அங்கே இருந்தது. இருந்ததை மறைத்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னது போல்தான் அது. மரம் அப்படியல்ல.

கடைசி இரண்டு நாள் பொருத்தும் வேலை. பழைய போட்டோவில் கறுப்பு கறுப்பாக இல்லை, மங்கிப் பழுப்பாகிவிட்டது. போனின் கறுப்பு கும்மிருட்டு. ஒன்றை மற்றதுக்கு இழுக்க வேண்டும். போட்டோவைப் புதிதாக்காமல், மூத்தம்மாவின் கறுப்பைக் கொஞ்சம் உயர்த்தினோம். போட்டோவுக்கு அசையும் மணிமணியான இரைச்சல் சேர்த்தோம். இல்லாவிட்டால் வீடு கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல் இருக்கும். வீட்டின் வெளிச்சம் அவர் தோளோரம் கொஞ்சம் கசிய விட்டோம். இவை எல்லாம் சின்னச் சின்ன அளவு, ஒன்றும் தனியாகத் தெரியாது. மூன்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள், தெரியும்.

சிலர் வேறு மாதிரியும் கேட்டார்கள், இப்படிப் பொய்ப்படம் செய்யப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது சரியா என்று. நியாயமான கேள்வி. இப்போது எங்கள் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் வரும் ஒரு வீடியோவைப் பார்க்கும் விதம் வேறு. நிழல் எந்தப் பக்கம், ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, கறுப்பு பொருந்துகிறதா, காலைக் காட்டுகிறார்களா என்று தேடுகிறார்கள். ஆனால் இது போதாது என்றும் சொல்லிக் கொடுத்தோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை என்று ஒரு வீடியோ பரவியது. கடைக்குள் ஒருவரைச் சுற்றி நின்று மிரட்டி, அவருக்குச் சரியாக விளங்காத மொழியில் கேள்வி கேட்டு எடுத்தது. பள்ளிவாசல் வரை தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி. அந்த வீடியோவில் ஒட்டு இல்லை, வெட்டு இல்லை, நிழல் எல்லாம் சரி. பொய் படத்தில் இருக்கவில்லை, படத்தைச் சுற்றி எழுதியதில் இருந்தது. இதைச் சொன்னபோது உயர்தரப் பிள்ளை ஒருவர், "அப்ப அல்பா ஒண்டாத்தான் இருந்திச்சி" என்றார். கணக்குப் பாடத்தில் அவர் பெறும் புள்ளியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்ததாக ஒரு ஒழுங்கை முழுவதையும் செய்ய நினைக்கிறோம், கடலடியில் இருந்து பழைய சந்தை வரை. கமெரா நடந்து போக வேண்டும், அதற்கு டிராக்கிங் பழக வேண்டும். அசையும் கமெராவுக்கு ஒட்டும் படமும் சேர்ந்து அசைய வேண்டும் அல்லவா. அதற்கு முதல் போட்டோ வேண்டும். 2004 க்கு முந்திய போட்டோ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கலியாணம், சுன்னத்து, பெருநாள். ஆட்களுக்குப் பின்னால் சுவரோ வேலியோ தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதில் இருந்து லுஹர் வரை கணினி அறை திறந்திருக்கும். ஸ்கேன் பண்ணிவிட்டு அந்த இடத்திலேயே கையில் தந்துவிடுவோம். பழைய அல்பத்தில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்க வேண்டாம், அல்பத்தோடு அப்படியே கொண்டு வாருங்கள். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள்.